நாலாம் வகுப்புக்கு ஆளில்லை

சிலாவத்தை, முல்லைத்தீவு
8.7.2024

அன்புள்ள கௌசலா அக்காவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னியுங்கோ. ஊர் அடங்கி வெகுநேரமாகிவிட்டது. பகலில் பேனையை எடுத்தால் மகள் அழுகிறாள். மகள் உறங்கினால் அம்மா கூப்பிடுகிறா. எழுத்து கோணலாகப் போனால் ஒரு கையில் பிள்ளை இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கோ. சிவப்புப் பேனை எடுக்க வேண்டாம்.

போன் எடுத்தால் வெட்டுகிறீர்கள். வட்சப்பில் என் செய்தி உங்களிடம் வந்து சேர்வதே இல்லை. என்னைத் தடுத்துவைத்திருக்கிறீர்கள் என்று விளங்கிவிட்டது. கடிதத்தை வெட்ட முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் ஒருமுறை வாசிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் ஸ்ரனிஸ்லஸ் அத்தானிடம் கொடுத்துவிடுகிறேன். என்னவர் நிறோஜனின் தமையன். மோட்டார் சைக்கிளில் நெடுங்கேணிப் பக்கம் மீன் கொண்டுவருகிறவர், உங்களுக்குத் தெரிந்த முகம்தான். கடிதம் மீன் மணந்தால் அது என் குற்றமில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் அதிபர் செல்வநாயகம் சேர் போன் எடுத்தார். பிள்ளை சுகமா, பால் காணுமா என்று விசாரித்த பிறகு, நீங்கள் ஒரு கிழமையாக வெண்கட்டியைத் தொடவில்லை என்றார். நான் பிள்ளைப்பேற்று லீவில் வந்ததிலிருந்து என்னுடைய நாலாம் வகுப்பு உங்கள் கையில். எட்டாம் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடமும் உங்களுடையது. இப்போது எந்த வகுப்புக்கும் போவதில்லையாம். காலையில் வந்து கையெழுத்து வைத்துவிட்டுக் கந்தோர்க் கதிரையில் இருக்கிறீர்களாம். பள்ளி விட்டதும் எழும்பிப் போகிறீர்களாம்.

"ஒரு சத்தமில்லைப் பிள்ளை. ஏனெண்டு கேட்டா சிரிக்கிறா. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார்.

ஏன் அக்கா?

ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். ஆசிரியர் சங்கக் கிளைச் செயலாளர் பிரதீபன் சேரைக் கேட்டேன். எங்களைப் பழிவாங்குகிறா என்றார். சுதர்சினி ரீச்சரைக் கேட்டேன். உங்களுக்குக் கலியாணம் பொருந்திவிட்டது, இனி வேலையில் மனம் நிற்காது என்றா. உங்களை ஒருநாளும் கண்டிராத என் அம்மா, அந்தப் பிள்ளைக்கு இடுப்பு நோவாக இருக்கும், நிற்க ஏலாமல் இருக்கிறாள், நல்லெண்ணெய் பூசச் சொல்லு என்கிறா. மூன்றில் எதையும் என்னால் நம்ப முடியவில்லை.

சுகயீன லீவுப் போராட்டத்தன்று நாங்கள் ஒருவரும் வராமல் நிற்க, நீங்கள் பள்ளியைத் திறந்தீர்கள். அன்று பின்னேரம் ஆசிரியர் வட்சப் குழுவில் பிரதீபன் சேர் உங்களைக் கருங்காலி என்று எழுதினார். நான் அதை வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் கோபத்தில் ஒருவர் ஒருநாள் இருப்பார், இரண்டு நாள் இருப்பார். கரும்பலகைக்கு முன்னால் நிற்காமல் உங்களால் ஒரு கிழமை இருக்க முடியும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். தடிமன் பிடித்துக் குரல் போன நாளிலும் சைகையால் பின்னம் படிப்பித்த ஆள் நீங்கள். கதிரையில் இருந்து என்ன செய்கிறீர்கள்? பக்கத்து அறையில் பிள்ளைகள் கத்தும்போது உங்கள் கால் எழும்பவில்லையா? உண்மையாகவே அறிய ஆசைப்படுகிறேன்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அதிபர் பிள்ளையின் பாலை விசாரிக்க மட்டும் போன் எடுக்கவில்லை. என் முழுச்சம்பள லீவு முடிந்துவிட்டது, இப்போது அரைச்சம்பளத்தில் நிற்கிறேன். மிச்ச லீவை விட்டுவிட்டு இருபத்திரண்டாம் திகதி திங்கட்கிழமை வந்து நாலாம் வகுப்பைப் பொறுப்பெடுக்கட்டாம். முழுச்சம்பளம் தொடங்கிவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உங்களை விளங்காமல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

அன்புடன்,
யூலிற்றா


நெடுங்கேணி
12.7.2024

யூலிற்றாவுக்கு,

உமது கடிதம் இன்று, வெள்ளிக்கிழமை பார்த்து வந்தது. நான் அறை எடுத்திருக்கும் வீட்டு அமராவதி அன்ரி விரதம். உமது அத்தான் மீன்பெட்டியோடு வாசலில் நின்று "ரீச்சருக்கு ஒண்டு வந்திருக்கு" என்று கூப்பிட, நான் விரதநாளில் சூடை மீன் வாங்குகிறேன் என்று நினைத்து அன்ரி விளக்குமாற்றோடு ஓடிவந்தா. அந்த மனிதரிடம் எனக்காக மன்னிப்புக் கேட்டுவிடும். அடுத்தமுறை வேறு கிழமை பார்த்து அனுப்பும்.

இடுப்பு நோ இல்லை. கலியாணமும் பொருந்தவில்லை. அம்மாவின் நல்லெண்ணெய்க்கு நன்றி.

நான் கருங்காலியான கதையை முதலில் எழுதுகிறேன். அதை இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. நீரும் கேட்கவில்லை, தெரியும் என்று எழுதியிருக்கிறீர்.

போராட்டத்துக்கு முன் சங்கக் கூட்டம் எங்கள் ஆசிரியர் அறையில்தான் நடந்தது. நீர் லீவில் இருந்தீர். வெளியே போ என்று ஒருவரும் சொல்லாதபடியால் நானும் இருந்தேன். சம்பள முரண்பாட்டில் கிடைக்காமல் நிற்கும் மிச்ச மூன்றில் இரண்டு பங்கைப் பற்றிப் பிரதீபன் சேர் நன்றாகப் பேசினார். கை தட்டினேன். பிறகு எழும்பிக் கேட்டேன்: உங்களுக்கு முதலில் மூன்றில் ஒரு பங்கு சம்பள உயர்வு கிடைத்தபோது எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பட்டதாரி நான். நிற்பது உங்கள் கரும்பலகைக்கு முன்னால். ஆனால் நியமனத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். உங்கள் கோரிக்கையில் எங்களைப் பற்றி ஒரு வரி சேர்ப்பீர்களா?

"அது வேற பிரச்சினை. நீங்கள் ஆசிரியர் சேவையில இல்லை. உங்கட ஆக்களோட தனியாப் பாருங்கோ" என்றார்.

போராட்டத்துக்கு முதல்நாள் கல்விப் பணிமனையிலிருந்து போன் வந்தது. நீங்கள் ஆசிரியரில்லை, ஆகவே உங்களுக்குப் போராட்டமும் இல்லை, பள்ளியைத் திறவுங்கள் என்றார்கள். யூலி, சங்கமும் பணிமனையும் இந்த நாட்டில் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான் போலிருக்கிறது. அது நான் ஆசிரியரில்லை என்பது. இரண்டு பக்கமும் சொல்கிறதே என்று நானும் நம்பிப் பள்ளியைத் திறந்தேன்.

அடுத்த கிழமை சங்கம் சட்டப்படி வேலை என்று அறிவித்தது. அதை எப்படிச் செய்வது என்று பிரதீபன் சேர் எல்லோருக்கும் விளங்கப்படுத்தினார். அவரவர் நியமனக் கடிதத்தை எடுத்து வாசியுங்கள், அதில் உள்ளதை மட்டும் செய்யுங்கள், அதற்கு மேல் ஒரு துரும்பையும் தூக்கவேண்டாம் என்றார். நான் கடைசி வாங்கில் இருந்து கவனமாகக் கேட்டேன். அறைக்குப் போய் என் நியமனக் கடிதத்தை எடுத்து வாசித்தேன். தரவு சேகரித்தல் இருக்கிறது, அறிக்கை தயாரித்தல் இருக்கிறது, திட்டங்களை மேற்பார்த்தல் இருக்கிறது. படிப்பித்தல் என்று ஒரு சொல் இல்லை. பிரதீபன் சேர் நல்ல ஆசிரியர். அவர் சொல்லித்தந்தபடி செய்கிறேன். வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

கதிரையில் என்ன செய்கிறேன் என்று கேட்டிருந்தீர். கந்தோர் அலுமாரியைத் துப்புரவாக்கினேன், உள்ளே ஓர் அணில் குடும்பம் இருந்தது. பள்ளித் தோட்ட அறிக்கையை முடித்தேன். தோட்டம்தான் இல்லை. பத்து மணிக்குப் பிறகு செய்ய ஒன்றும் இருக்காது. அப்போது கால் எழும்புகிறது. நீர் நினைப்பது சரி. மேசைக் காலைச் சுற்றிக் காலைப் பின்னிக்கொண்டு இருக்கிறேன்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் இரண்டு நாளும் கத்தினார்கள். மூன்றாம் நாள் வாங்குகளை விறாந்தைக்கு இழுத்துவந்து கந்தோர் அரைச்சுவருக்கு வெளியே போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒருத்தி பிரித்தல் கணக்கொன்றைச் செய்து கொப்பியைச் சுவருக்கு மேலால் நீட்டினாள். மீதியை விட்டுவிட்டாள். விரலால் தொட்டுக் காட்டிவிட்டேன். வாய் திறக்கவில்லை. இது என் சட்டப்படி வேலையை மீறியதாகுமா? நீர் சங்கக் குழுவில் இருக்கிற ஆள், சொல்லும்.

இருபத்திரண்டாம் திகதி வருவதென்றால் வாரும். நான் தடுக்க மாட்டேன். வரவேண்டாம் என்று என் வாயால் சொல்லவைக்கவும் உம்மால் முடியாது. எனக்கு விளங்காதது ஒன்றுதான். உமக்கு என் காரணம் ஏன் தேவை? நான் பிழை என்று தெரிந்தால் நிம்மதியாக வரலாம் என்றா?

கௌசலா


சிலாவத்தை
15.7.2024

அன்புள்ள கௌசலா அக்காவுக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை இரண்டு நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும் அதுதான். ஓம், அப்படித்தான் இருக்கவேண்டும். நீங்கள் கோபத்தில்தான் இருக்கிறீர்கள் என்று தெரிந்திருந்தால் எனக்கு இலகு. வந்து வகுப்பை எடுத்துக்கொண்டு, அக்கா கோபம் ஆறினதும் கதைப்பா என்று இருந்திருப்பேன். நீங்கள் எழுதியதற்குப் பிறகு அது முடியவில்லை. பணிமனை உங்களுக்குப் போன் எடுத்தது எனக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இங்கே நிலைமை இதுதான். கடல் இப்போது பரவாயில்லை. ஆனால் கடல் கொடுப்பதில் பாதியை மண்ணெண்ணெய் வாங்கிவிடுகிறது. என் அரைச்சம்பளம் வந்த அன்றைக்கே பால்மாவுக்கும் வங்கிக் கடனுக்கும் போய்விடுகிறது. நிறோஜன் என்னைப் போ என்றும் சொல்வதில்லை, நில் என்றும் சொல்வதில்லை. வலையைப் பொத்திக்கொண்டு "உம்மட விருப்பம்" என்கிறார். அதைவிடப் பேசினால் நல்லது.

வந்தாலும் ஒரு பயம் இருக்கிறது. பால் கொடுக்கிற தாய்க்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போகலாம் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் போகச் சொல்கிறது, கடைசிப் பாடத்தை ஆர் எடுப்பது என்று சொல்லவில்லை. சுதர்சினி ரீச்சர் பிள்ளை பெற்றுவந்த வருடம் அவாவின் கடைசிப் பாடத்தை நீங்கள்தானே எடுத்தீர்கள். அதிபரைக் கேட்டேன், எனக்கு ஆர் எடுப்பார்கள் என்று. "பாப்பம் பிள்ளை" என்றார். செல்வநாயகம் சேரின் பாப்பம் உங்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை பிரதீபன் சேருக்குப் போன் எடுத்தேன். சண்டை பிடிக்க இல்லை. எனக்கு ஒரு விஷயம் தெரியவேண்டியிருந்தது. கௌசலா அக்காவின் பாடங்களை மற்ற ஆசிரியர்களுக்கு றிலீவாகப் பிரித்துக் கொடுக்க அதிபர் நினைக்கிறார், லீவில் வந்ததால் இப்போது என் நேரசூசியில் இல்லாத நாலாம் வகுப்பு எனக்கு வருகிறது, நான் எடுக்கலாமா என்று கேட்டேன்.

"தாராளமா எடுங்கோ ரீச்சர். பிள்ளையள் பாவமல்லோ."

"எங்கட நேரசூசியில இல்லாத பாடத்தை எடுக்கக்கூடாதெண்டு நீங்கள்தானே சேர் சொன்னனீங்கள்?"

"அது வேற. அவா சங்கத்திலயே இல்லை. அவாக்கு எப்பிடிப் போராட்டம்?"

"சரி சேர். நாங்கள் வேலைசெய்யாமல் நிக்கேக்க அவா வந்து எங்கட வகுப்பைப் பாத்தா கருங்காலி. அவா வேலைசெய்யாமல் நிக்கேக்க நாங்கள் போய் அவாட வகுப்பைப் பாத்தா நாங்கள் ஆர்?"

அவர் செருமினார். இருபதாம் திகதி சனிக்கிழமை, பறுவ விடுமுறையன்று பொதுநோக்கு மண்டபத்தில் கிளைக் கூட்டம் இருக்கிறது, அங்கே வந்து கேளுங்கோ என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தில் நான் இதுவரை அறிக்கை வாசித்திருக்கிறேன், ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்குச் சங்கத்தின் பதில் எனக்குத் தெரியாது. என் பதிலை எழுதுகிறேன். விரலால் காட்டியது மீறல்தான். ஆனால் அந்தப் பிள்ளை மீதியைக் கண்டுபிடித்தாளா? அதை நீங்கள் எழுதவில்லை.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கு இது எங்கே முடியவேண்டும்? சம்பளமா, ஆசிரியர் சேவைக்குள் எடுப்பதா, பிரதீபன் சேர் மன்னிப்புக் கேட்பதா? எதைத் தந்தால் கதிரையை விட்டு எழும்புவீர்கள்?

அன்புடன்,
யூலிற்றா


நெடுங்கேணி
18.7.2024

யூலிக்கு,

கண்டுபிடித்தாள். மீதி மூன்று. பிறகு கதை கைமீறிவிட்டது. செவ்வாய்க்கிழமை முழு வகுப்பும் கொப்பியை நீட்டியது. நான் அரைச்சுவருக்குக் கிட்டப் போய் நின்று, கையை வெளியே விட்டு, நீள்பிரித்தலை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அதிபர் நிற்கிறார்.

"பிள்ளை, இவ்வளவும் சொல்லிக்குடுக்கிறீர். அப்ப உள்ளுக்குப் போய்ச் சொல்லிக்குடுமன்."

"உள்ளுக்குப் போனா அது வேலை சேர். இதில நிண்டா பழக்கம்."

பாவம், அவர் சிரித்துவிட்டார். அந்த மனிதரோடு எனக்குக் கோபமில்லை.

அன்றைக்கே பணிமனைக் கடிதமும் வந்தது. இனிமேல் படிப்பிப்பேன் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதம் முதலாம் திகதி தொடக்கம் கிளிநொச்சியில் ஒரு கந்தோரில் போய் வேலைக்குச் சேரவேண்டும். எது என்று வருகிற திங்கட்கிழமை, அதே இருபத்திரண்டாம் திகதி, நான் சொல்லவேண்டும்.

கிளிநொச்சி என்றால் ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து போய்வரலாம். இத்தனை வருடமாக நான் கேட்டும் கிடைக்காத மாற்றம், கேட்காமல் தண்டனையாக வந்திருக்கிறது. அம்மாவுக்குச் சொன்னேன். பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்துவிட்டா. அமராவதி அன்ரி என் அறைக்கு வேறு ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டா. பிரதீபன் சேரும் முகத்தைப் பார்க்காமல் "நல்லதுதானே, ஊரோட போறீங்கள்" என்றார். எல்லோருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் இல்லை.

எங்கே முடியவேண்டும் என்று கேட்டீர். நீர் கேட்டதற்குப் பிறகுதான் நானும் யோசித்தேன். சம்பளம் வேண்டும், அதில் பொய் சொல்ல மாட்டேன். சேவைக்குள் எடுப்பது இந்தப் பள்ளிக்கூடத்தில் உள்ள ஒருவர் கையிலும் இல்லை என்று எனக்குத் தெரியும். மன்னிப்பை வைத்து என்ன செய்வது? நான் கிளிநொச்சிக்குப் போனால் ஓர் உத்தியோகத்தர் மாறிப் போனார் என்றுதான் இருக்கும். ஒரு பள்ளிக்கூடம் ஓர் ஆசிரியரை இழந்தது என்று ஒரு இடத்திலும் இருக்காது. என் இடத்துக்கு ஆள் கேட்கவும் அதிபரால் முடியாது, ஏனென்றால் அப்படி ஓர் இடமே இல்லை. இத்தனை வருடமும் நான் அந்த வகுப்புகளில் நின்றேனா இல்லையா? நீங்கள், என்னோடு வேலைசெய்த ஆட்கள், உங்கள் வாயால் ஒருமுறை சொல்லவேண்டும். அது போதும். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த வெயிலில் வரவேண்டாம். கூட்டத்தில் எனக்காக ஒன்றும் கேட்கவும் வேண்டாம். நாலாம் வகுப்புக்கு வர விரும்பினால் வாரும். பிள்ளைகள் நல்லவர்கள். மீதியை மட்டும் விட்டுவிடுவார்கள்.

கௌசலா


சிலாவத்தை
20.7.2024

அன்புள்ள கௌசலா அக்காவுக்கு,

நீங்கள் வேண்டாம் என்று எழுதியது வந்துசேர்ந்தபோது நான் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தேன். வாசித்தேன். மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். கூட்டம் முடிந்து, உங்கள் அறை இருக்கிற ஒழுங்கையைக் கடந்துதான் பஸ்சுக்கு வந்தேன். ஒழுங்கைக்குள் வரத்தான் நினைத்தேன். நீங்கள் கதவைத் திறக்காவிட்டால் பிள்ளையோடு றோட்டில் நிற்க எனக்கு மனத்தைரியம் இல்லை. அதனால்தான் திரும்பவும் கடிதம்.

மண்டபத்தில் அரைவாசிக் கதிரைதான் நிறைந்திருந்தது. மிச்ச மூன்றில் இரண்டு, கஷ்டப்பிரதேசப் படி, பள்ளி முடிந்தபின் தரவு கேட்கிற தொல்லை எல்லாம் பேசி முடித்தார்கள். வேறு விடயங்கள் உண்டா என்று பிரதீபன் சேர் கேட்டார். நான் எழும்பினேன். நான் எழும்பவும் மகள் வீரிட்டு அழவும் சரியாக இருந்தது. பின்னாலிருந்து ஒருவர், "ரீச்சர், முதல்ல அந்தத் தோழருக்குப் பாலைக் குடுங்கோ" என்றார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, பால் கொடுத்தபடியே கேட்டேன். வேறு வழியில்லை.

கௌசலா ரீச்சர் படிப்பிக்காமல் இருக்கிறா, அவாவின் பாடங்களை எங்களுக்குப் பிரித்துத் தரப்போகிறார்கள், நாங்கள் எடுக்கலாமா என்றேன். உடனே ஒருவர் திருத்தினார், ரீச்சர் இல்லை, உத்தியோகத்தர் என்று. இன்னொருவர், இந்த ஆட்களைச் சேவைக்குள் எடுத்தால் கல்வியியற் கல்லூரியில் படித்துவந்த எங்களுக்கு என்ன மதிப்பு என்றார். அது எனக்கும் உறைத்தது. நானும் அங்கே படித்துத்தானே வந்தேன். என்னிடம் அதற்குப் பதில் இல்லை என்றே சொன்னேன். ஆனால் நான் கேட்டது அதையல்ல, அவாவின் பாடத்தைப் பற்றித்தான் என்றேன். சத்தம் கூடிப்போய்விட்டது. திரும்பக் கதிரையில் இருக்கப் பார்த்தேன்.

அப்போது சுதர்சினி ரீச்சர் எழும்பினா. கூட்டங்களில் கொப்பி திருத்திக்கொண்டே இருக்கிற ஆள். அவா ஒருவரையும் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னா:

"என்ர பிள்ளை பால் குடிச்சு வளந்தது கௌசலா ரீச்சர் எடுத்த கடைசிப் பாடத்தில. ஒரு வரியம். நான் போய்ப் பஸ் ஏற, அவா என்ர வகுப்பில நிண்டவா. அவா ரீச்சர் இல்லையெண்டா அந்த வரியம் முழுக்க என்ர வகுப்பில நிண்டது ஆர்?"

அக்கா, சொல்லிவிட்டுக் கொப்பியைத் திரும்ப எடுத்துத் திருத்தத் தொடங்கினா.

உங்களைச் சங்கக் கோரிக்கையில் சேர்ப்பது பற்றி வாக்கெடுத்தார்கள். தோற்றுவிட்டது. நல்லாகவே தோற்றது, உங்களிடம் மறைக்க மாட்டேன். பிரதீபன் சேரும் எதிராகத்தான் கை உயர்த்தினார். ஆனால் பாடம் எடுக்கிற விஷயத்துக்கு அவர் வாக்கெடுக்கவில்லை. நேரசூசிக்கு வெளியே ஒருவரும் பாடம் எடுக்கக்கூடாது என்பது ஏற்கெனவே எங்கள் தீர்மானம், அது எல்லாப் பாடத்துக்கும் பொருந்தும் என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது, முகத்தில் தெரிந்தது. பிறகு அறிக்கை எழுதச் சொல்லி என்னிடம் தந்தார். கௌசலா ரீச்சரின் பாடங்களை ஒருவரும் எடுப்பதில்லை என்று எழுதினேன். வாசித்துப் பார்த்து ரீச்சர் என்ற இடத்தில் பேனையை வைத்தார். வெட்டவில்லை. கையெழுத்து வைத்துவிட்டுத் தந்தார்.

பஸ் நிலையத்தில் நின்று அதிபருக்குப் போன் எடுத்தேன். திங்கட்கிழமை வரமாட்டேன், லீவு முடிந்தபிறகுதான் வருவேன் என்றேன்.

"நீரும் கதிரையோ பிள்ளை?"

"இல்லைச் சேர். நான் லீவில நிக்கிறன். எனக்குள்ள லீவுதான்."

அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, பிள்ளையை வெயிலில் வைத்திருக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா குசினிக்குள் போய்விட்டா. நிறோஜன் மட்டும், "அப்ப அடுத்த மாதமும் அரைவாசிதான்" என்றார். ஓம் என்றேன். வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபமா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை நாலாம் வகுப்பில் நீங்களும் இல்லை, நானும் இல்லை, வேறு ஒருவரும் இல்லை. தாய் தகப்பன் வந்து அதிபரின் வாசலில் நிற்பார்கள். நாங்கள் இரண்டுபேரும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளைத்தான் விறாந்தையில் விட்டிருக்கிறோம். அவர்களில் ஒன்று என் மகளாக இருந்தால் நான் இந்த இரண்டு ரீச்சர்மாரையும் என்ன சொல்லித் திட்டியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆனாலும் நான் வந்து அந்தக் கதவைத் திறந்திருந்தால், உங்களைச் சத்தமில்லாமல் கிளிநொச்சிக்கு அனுப்பிவைத்தது நானாகத்தான் இருந்திருப்பேன். இரண்டையும் எடைபோட எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் ஒருவரும் அந்த மண்டபத்திலும் இல்லை.

நீங்கள் ஸ்கந்தபுரத்துக்குப் போனால் நான் குறைசொல்ல மாட்டேன். உங்கள் அம்மா தனிய இருக்கிறா. படிப்பிப்பேன் என்று எழுதிக் கொடுத்தாலும் குறைசொல்ல மாட்டேன், அது தோல்வி என்றும் நினைக்க மாட்டேன். இருந்த கதிரையிலேயே இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இனி அது உங்களுடைய தனிக் கதை இல்லை. என் அரைச்சம்பளமும் அதற்குள் இருக்கிறது. அதனால் அறிய எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் அவர்களிடம் என்ன சொல்லப்போகிறீர்கள்? நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அத்தான் பூசை முடிந்ததும் இதைக் கொண்டுவருவார், அமராவதி அன்ரியின் படலைக்கு வெளியே காத்து நிற்பார். அவரிடமே மறுமொழியைக் கொடுத்துவிடுங்கோ. நீளமாக எழுதத் தேவையில்லை. கெதியாக எழுதுங்கோ.

அன்புடன்,
யூலிற்றா